கஜாக்கி டர்பைன்: போய்ச் சேர அஞ்சு நாள், சுத்த எட்டு வருஷம்

பெரிய நாடுங்க ஏன் அடுத்தவன் ஊர்ல போய் வருஷக்கணக்கா சண்டை போட்டா திணறுதுன்னு கேட்டா, எல்லாரும் வியட்நாம், ஆப்கானிஸ்தான்னு பேரைச் சொல்லிட்டு மலைப் பிரதேசம், கெரில்லா போர், மக்கள் ஆதரவு இல்லைன்னு நாலு காரணத்தை அடுக்கிடுவாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பட்டியலைப் படிச்சு முடிச்சதும் எனக்கு ஒண்ணுமே புரிஞ்ச மாதிரி இருக்காது. நான் இருபது வருஷமா மின் நிலைய சைட்ல எரெக்‌ஷன் வேலை பாக்கறவன், மெஷின் இறக்கறது, நிறுத்தறது, சுத்த விடறது, இதுதான் என் பொழப்பு. அதனால எனக்கு இந்தக் கேள்வியை ஒரே ஒரு மெஷினை வச்சுப் பாத்தாத்தான் தெளிவா தெரியுது. ஆப்கானிஸ்தான் தெற்குல ஹெல்மண்ட் மாகாணத்துல இருக்கற கஜாக்கி அணைக்கு 2008ல பிரிட்டிஷ் படை கொண்டு போன, தண்ணி விசைல சுத்தி கரண்ட் எடுக்கற அந்த டர்பைன்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். 2008 ஆகஸ்ட் கடைசி வாரம், காந்தஹார் விமானத் தளத்துல இருந்து நூறு வண்டி கிளம்புது. நடுவுல பெரிய டிரெய்லர்ல ஏழு பாகமா பிரிச்ச ஒரு டர்பைன், மொத்தம் 220 டன், சீனாவுல செஞ்சது. காவலுக்கு சுமார் 5,000 பேர், அதுல 2,000 பேர் பிரிட்டிஷ்காரங்க, மிச்சம் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, டென்மார்க், கூட ஆப்கான் படை. மேல ஹெலிகாப்டர், அதுக்கும் மேல போர் விமானம். தூரம் என்னவோ 180 கிலோமீட்டர்தான், எங்க சென்னைல இருந்து விழுப்புரத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் போற தூரம், ஆனா அஞ்சு நாள் ஆச்சு. நேர் ரோடுன்னு ஒண்ணு இருக்கு, 611ன்னு நம்பர், சங்கின் ஊர் வழியா அணைக்குப் போகும், அந்த ரோடு முழுக்க வெடி புதைச்சு வச்சிருந்தாங்கங்கறதால, ராத்திரி ராத்திரியா ஆள் அனுப்பிப் பாலைவனத்துல புதுசா ஒரு தடம் கண்டுபிடிச்சு அது வழியா ஓட்டிட்டுப் போனாங்க. வழில நடந்த சண்டைல தாலிபான் ஆளுங்க 200 பேருக்கு மேல கொன்னுட்டதா பிரிட்டிஷ் தரப்பு சொல்லுச்சு. செப்டம்பர் முதல் வாரம் டர்பைன் அணைக்கு வந்து சேந்துச்சு. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பிரிட்டிஷ் ராணுவம் செஞ்ச பெரிய லாஜிஸ்டிக் வேலைகள்ல ஒண்ணுன்னு லண்டன் பேப்பர்லாம் எழுதுச்சு. உண்மைதான், அந்த ஆளுங்க செஞ்சது சாதாரண காரியம் இல்ல, அந்த வெயில்ல அந்த டிரெய்லரை மணல்ல இழுத்த டிரைவரை நினைச்சா எனக்கு இன்னிக்கும் மரியாதை வருது.

அந்த டர்பைன் சுத்துனது 2016 அக்டோபர்ல.

அந்த எட்டு வருஷத்துக்குள்ள என்ன நடந்துச்சுங்கறதுலதான் கேள்விக்குப் பதிலே இருக்கு.

அணை யாரோடது

கஜாக்கி அணை புதுசு கிடையாது. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட 1946ல ஆப்கான் ராஜா அரசு மோரிசன் நூட்சன்ங்கற அமெரிக்க கம்பெனியைக் கூப்பிட்டுச்சு, அமெரிக்காவுல பெரிய ஹூவர் அணை கட்டுன கம்பெனிகள் கூட்டத்துல இவங்களும் உண்டு. ஆட்டுக்குட்டித் தோல் வித்து சேத்த டாலரை வச்சு ஆரம்பிச்சு, அப்புறம் அமெரிக்கக் கடன் வாங்கி, 1953ல அணை முடிஞ்சுது, சுமார் 100 மீட்டர் உயரம். லஷ்கர்கா ஊர்ல அமெரிக்க இன்ஜினியருங்க குடும்பத்தோட தங்கி இருந்ததால அந்த ஊருக்கே குட்டி அமெரிக்கான்னு பேரு. 1975ல பவர் ஹவுஸ் வந்துச்சு, தலா 16.5 மெகாவாட்ல ரெண்டு மெஷின். மூணு மெஷினுக்கு இடம் விட்டு, ஒண்ணாம் நம்பரையும் மூணாம் நம்பரையும் போட்டுட்டு நடுவுல ரெண்டாம் நம்பர் குழியைக் காலியா விட்டாங்க. பின்னாடி பாத்துக்கலாம்னு எல்லா சைட்லயும் செய்யறதுதான். அந்தக் காலிக் குழிக்குத்தான் 33 வருஷம் கழிச்சு 5,000 பேர் டர்பைன் எடுத்துட்டுப் போனாங்க.

நடுவுல 1979 டிசம்பர்ல சோவியத் படை வந்து, சுமார் 15,000 பேரைப் பறிகொடுத்துட்டு 1989 பிப்ரவரில போச்சு. அப்புறம் சோவியத்தை எதிர்த்துச் சண்டை போட்ட முஜாகிதீன் குழுக்கள், அப்புறம் தாலிபான். 2001ல தாலிபான் ஆட்சியைக் கவுக்க அமெரிக்க விமானங்க குண்டு போட்டப்ப இந்த அணையோட மின்சார வசதியும் அடி வாங்குச்சு. தான் கட்டினதைத் தானே உடைச்சுட்டு, திரும்ப தானே சரி பண்ண வந்த கணக்குல இருந்துதான் இந்தக் கதையோட ரெண்டாவது பாகம் தொடங்குது.

2006ல அமெரிக்காவோட கூட்டாளியா பிரிட்டிஷ்காரங்க ஹெல்மண்டுக்கு வந்தாங்க, முதல்ல வந்தது சுமார் 3,300 பேர்தான். வர்றதுக்கு முன்னாடியே பிரிட்டன் ஒரு நிபந்தனை வச்சுது, அப்ப கவர்னரா இருந்த ஷேர் முகமது அகுந்த்ஸாதாவை எடுக்கணும்னு. அவர் இடத்துல ஒன்பது டன் அபின் சிக்கியிருந்துச்சு, அதனால நியாயமான கோரிக்கைதான், 2005 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. ஆனா அவர்கிட்ட துப்பாக்கியோட சம்பளத்துக்கு இருந்த ஆளுங்க எங்க போவாங்க? சம்பளம் குடுக்க முடியாததால 3,000 பேரைத் தாலிபான் பக்கம் போக விட்டேன்னு அவரே பின்னாடி பேட்டில சொன்னார். வந்து இறங்கின பட்டாளமே சுமார் 3,300 பேர், எதிர்ப்பக்கம் போனவங்க அதே அளவு, அதுவும் அந்த ஊர்லயே பொறந்து ஒவ்வொரு வாய்க்காலும் தெரிஞ்சவங்க.

சங்கின்லயும் இதே மாதிரி. வெளில இருந்து பாத்தா அது அரசாங்கம், தாலிபான்னு ரெண்டு பக்கம். உள்ளூர்க்காரனுக்கு அது அலிகோசாய் குலத்துக்காரன் கைல பதவி வந்ததும் இஷாக்சாய் குலத்துக்காரனை அடிச்சு பணம் புடுங்குன கதை, அடி வாங்கினவன் தாலிபானை ஒரு காவலுக்குக் கூப்பிட்டான். பிரிட்டிஷ் பட்டாளம் அரசாங்கத்துக்கு உதவின்னு நினைச்சு போய் உக்காந்த கட்டடம், அந்த ஊர்ல பாதிப் பேர் கண்ணுக்கு பங்காளிச் சண்டைல ஒருத்தனுக்குத் துணையா வந்து உக்காந்த மாதிரி. நம்ம கிராமத்துல வாய்க்கால் தகராறுல வெளியூர் போலீஸ் ஒரு பக்கமா நின்னா மத்தவன் தலைமுறைக்கும் மறக்க மாட்டான், அதே விஷயந்தான். இதுல பிரிட்டிஷ்காரன்ங்கறதே ஒரு பழைய புண் வேற. 1880 ஜூலைல காந்தஹாருக்கும் ஹெல்மண்டுக்கும் நடுவுல மைவாந்த்ல பிரிட்டிஷ் படை அடிபட்டு ஓடுச்சு, அந்தச் சண்டை அங்க சின்னப் பசங்களுக்குக் கூட பாட்டி சொல்ற கதை. தாத்தன் தோத்ததுக்குப் பேரன் பழி வாங்க வந்திருக்கான்னு ஜனங்க நம்பினாங்க. லண்டன்ல இருந்து வந்த இருபது வயசுப் பையனுக்கு மைவாந்த்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது.

அணை மேட்டுல ஒரு நாள்

2006 செப்டம்பர் 6. அணைக்கு மேல மலை முகட்டுல ஒரு சின்ன பிரிட்டிஷ் காவல் நிலை. கீழ ரோட்டுல தாலிபான் வண்டிங்களை நிறுத்தி வசூல் பண்றாங்கன்னு பாத்துட்டு சில பேர் இறங்கிப் போனாங்க. காஞ்சு கிடந்த ஓடையைத் தாண்டும்போது ஒருத்தர் கண்ணிவெடில கால் வச்சார். காப்பாத்த ஓடினவங்கள்ல அடுத்தவர், அதுக்கடுத்தவர். மூணு பேருக்கு கால் போச்சு. தூக்கிட்டுப் போக பெரிய ஹெலிகாப்டர் வந்துச்சு, ஆனா அதுல ஆளைக் கயித்துல மேல இழுக்கற வின்ச் இல்ல, வெடி வயல்ல இறங்கவும் முடியாது. வின்ச் இருக்கற அமெரிக்க ஹெலிகாப்டர் வர வரைக்கும் மணிக்கணக்கா அந்த வெயில்ல ரத்தம் போகப் போக கிடந்தாங்க, ஒரு கார்ப்பரல் உயிர் போயிடுச்சு.

அந்த வெடி தாலிபான் வச்சது இல்ல. சோவியத் காலத்துல புதைச்சது. இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே முகட்டுல இதே மாதிரி கீழ பாத்துக்கிட்டு உக்காந்திருந்த இன்னொரு வல்லரசோட பையன் தன்னைக் காப்பாத்திக்க மண்ணுக்குள்ள வச்சுட்டுப் போனது. எங்க வெடி இருக்குன்னு காட்டற மேப் இவங்க கைல இல்ல. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வராது. புதுசா வர்ற ஒவ்வொரு படையும் அந்த மண்ணைக் காலிப் பக்கம் மாதிரி நினைச்சு வருது, மண்ணுக்குள்ள முன்னாடி வந்தவன் எழுதினது அப்படியே இருக்கு.

மெஷின் வந்தா வேலை முடிஞ்சுதா

இப்ப டர்பைனுக்கு வர்றேன், இது எனக்குத் தெரிஞ்ச வேலை.

சைட்டுக்கு மெஷின் வந்து இறங்கின அன்னிக்கு எல்லாரும் மாலை போட்டு தேங்கா ஒடச்சு போட்டோ எடுப்பாங்க. எரெக்‌ஷன் ஃபோர்மேன் அன்னிக்கு சிரிக்க மாட்டார், ஏன்னா அவருக்குத் தெரியும் வேலை இனிமேதான்னு. டர்பைனைக் குழில இறக்கி, சுத்தி இருக்கற கேசிங்கை, அதாவது வெளிக்கூட்டை, கான்கிரீட்ல புதைக்கணும். அந்தக் கான்கிரீட் நடுவுல நிறுத்தாம போடணும், நிறுத்தினா ஜாயின்ட் விழும், அது காயற வரைக்கும் தண்ணி ஊத்தணும், அப்புறம் ஷாஃப்ட் அலைன்மென்ட், அதாவது சுத்தற தண்டை நேரா நிறுத்தறது, மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்குல பாத்து பாத்து சரி பண்ணணும், இதுக்கே மாசக்கணக்கு ஆகும். கஜாக்கில அந்த மெஷினை நிறுத்த நூத்துக்கணக்கான டன் சிமென்ட் வேணும். மணலும் ஜல்லியும் ஆத்துல கிடைக்கும், சிமென்ட் வெளில இருந்துதான் வரணும், அதுவும் ஒரே நாள்ல இல்ல, வேலை நடக்க நடக்க லாரி லாரியா. எங்க சைட் ஒண்ணுல சிமென்ட் வண்டி ரெண்டு நாள் லேட்டானதுக்கு ஒரு வாரம் வேலை தள்ளிப் போனதை நான் பாத்திருக்கேன், அது நல்ல தார் ரோடு, யாரும் சுடாத ரோடு.

கஜாக்கிக்கு சிமென்ட் வரணும்னா அந்த 611 ரோடு தினமும் திறந்திருக்கணும். டர்பைனுக்காக அஞ்சு நாள் 5,000 பேரை நிறுத்தினாங்களே, அதே மாதிரி ஒவ்வொரு சிமென்ட் லாரிக்கும் நிறுத்த முடியுமா? மொத்த ஹெல்மண்ட்லயும் அப்ப இருந்த பிரிட்டிஷ்காரங்களே எட்டாயிரம் பேர் பக்கம்தான். அந்த நூறு வண்டி கான்வாய் போயிட்டுத் திரும்பின உடனே பாலைவனத் தடம் மூடிக்கிச்சு. மெஷின் நிறுத்த வந்த சீன இன்ஜினியருங்க பாதுகாப்பு இல்லைன்னு கிளம்பிட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், பொண்டாட்டி புள்ளை இருக்கறவன் எவனும் அதைத்தான் செய்வான். ஏழு பாகமும் அணைப் பக்கத்துல வெட்டவெளில தார்ப்பாய் போத்தி வருஷக்கணக்கா கிடந்துச்சு.

நான் சொல்ல வர்றது இதுதான். ஒரு பொருளை ஒரு இடத்துக்கு ஒரு தடவை கொண்டு போய் வைக்கற பலம் ஒண்ணு. ஒரு ரோட்டை மூணு வருஷம் தினமும் சாயங்காலம் வரைக்கும் சாதாரண லாரி டிரைவர் பயமில்லாம போற மாதிரி வச்சிருக்கற பலம் இன்னொண்ணு. முதலாவதை பணமும் விமானமும் குடுக்கும், வல்லரசுகிட்ட அது கொட்டிக் கிடக்கு. ரெண்டாவதை ரோட்டோரமா இருக்கறவன்தான் குடுக்கணும், ராத்திரி எவனாவது வெடி புதைக்கக் குழி தோண்டினா வெளில வந்து யார்றா அதுன்னு கேக்கணும். அவன் ஏன் கேக்கணும்? இந்த வெளிநாட்டுப் பட்டாளத்துக்காரங்க ஆறு மாசத்துல ஊருக்குப் போறவங்க, தாலிபான் பையன் அவன் மச்சினன் வீட்டுல சாப்பிடறவன்.

அந்த ஆறு மாசம் முக்கியமான விஷயம். பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மண்ட்ல ஆறு மாசத்துக்கு ஒரு பிரிகேடுன்னு, அதாவது சில ஆயிரம் பேர் இருக்கற ஒரு படைப்பிரிவுன்னு, மாத்திக்கிட்டே இருந்துச்சு. வர்ற ஒவ்வொரு தளபதிக்கும் தன் காலத்துல ஒரு பெரிய ஆபரேஷன் காட்டணும், அது மனுஷ சுபாவம். முதல் ரெண்டு மாசம் ஊரைத் தெரிஞ்சுக்கறது, அடுத்த ரெண்டு மாசம் ஆபரேஷன், கடைசி ரெண்டு மாசம் மூட்டை கட்டறது. டர்பைன் கொண்டு போறது அந்தக் காலெண்டர்ல அழகா பொருந்துச்சு. சிமென்ட் ஏத்தறது எந்தத் தளபதியோட காலெண்டர்லயும் பொருந்தல, ஏன்னா அது ரெண்டு மூணு வருஷ வேலை, முடிக்கறவன் வேற எவனோ. நம்ம ஊர்லயும் பாக்கறோமே, சைட் இன்ஜினியரை அடிக்கடி மாத்தினா திறப்பு விழா கல்வெட்டு நிறைய இருக்கும், டிராயிங் ரிஜிஸ்டர்ல பாதிப் பக்கம் காலியா இருக்கும். அந்த டர்பைனைக் கொண்டு போன பிரிகேடோட தளபதி கார்லட்டன் ஸ்மித் அடுத்த மாசமே பேட்டில சொன்னார், இந்தப் போர்ல நாம ஜெயிக்கப் போறதில்ல, தாங்கக்கூடிய அளவுக்குக் குறைக்கறதுதான் நோக்கம்னு. உள்ளதைச் சொன்ன ஆள். பிரிட்டன் அதுக்கப்புறமும் ஆறு வருஷம் அங்க சண்டை போட்டுச்சு.

கரண்ட் யாருக்குப் போச்சு

சரி, அந்த ரெண்டு பழைய மெஷின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அந்தக் கரண்ட் என்ன ஆச்சு? அணைல இருந்து 110 கேவி (கிலோவோல்ட்) லைன் கிளம்பி சங்கின் வழியா போய் ஒரு கிளை லஷ்கர்காவுக்கும் ஒரு கிளை காந்தஹாருக்கும் போகுது. முதல்ல வர்ற ஊருங்க தாலிபான் கைல. அவங்க லைனை வெடி வச்சு விழுத்தல, அதைவிட புத்திசாலித்தனமா கரண்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு இவ்வளவுன்னு மாசம் வசூல் பண்ணாங்க, குடுக்காத வீட்டுக்கு கரண்ட் கிடையாது. நம்ம ஈபி ஆளு பில் கட்டலைன்னா ஃபியூஸ் கேரியரைப் புடுங்கிட்டுப் போவாரே, அந்த வேலையை அங்க தாலிபான் பாத்துச்சு. யோசிச்சுப் பாருங்க, மெஷினை ரிப்பேர் பண்றது அமெரிக்கக் காசு, பில் வாங்கறது எதிரி. பில் வாங்கறவன்தான் அந்த ஊர் ஜனங்களுக்கு அரசாங்கம்.

காந்தஹார்ல கரண்ட் பத்தலைன்னு அமெரிக்கா அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டரா கொண்டு வந்து அடுக்குச்சு. அது ஓட டீசல் பாகிஸ்தான் வழியா டேங்கர்ல வரணும், அந்த டேங்கருக்கு வழில கப்பம் கட்டணும். டீசல் காசு நின்னதும் ஊர் திரும்ப இருட்டாச்சு.

2010 செப்டம்பர்ல சங்கினை அமெரிக்க மரீன்கள்கிட்ட குடுத்துட்டு பிரிட்டிஷ்காரங்க நகர்ந்தாங்க. அதுவரைக்கும் நூறு பேருக்கு மேல அந்த ஒரே ஊர்ல பறிகொடுத்திருந்தாங்க, ஆப்கானிஸ்தான்ல செத்த மொத்த பிரிட்டிஷ் வீரர்கள் 450 சொச்சம், அதுல நாலுல ஒரு பங்கு பக்கம் ஒரு கடைத்தெருவுக்கும் அதைச் சுத்தின தோப்புக்கும். வந்த மரீன் பட்டாலியன் ஒண்ணு ஏழே மாசத்துல 25 பேரை இழந்துச்சு. 2011 கடைசிலதான் 611 ரோட்டை அடிச்சுப் புடிச்சு அணை வரைக்கும் திறந்தாங்க, அதாவது டர்பைன் போய் மூணு வருஷம் கழிச்சு. ஆனா அப்பவே ஒபாமா படை எடுக்கற தேதியை அறிவிச்சாச்சு, அந்தத் தேதி சங்கின்ல டீக்கடைல உக்காந்திருக்கறவனுக்கும் தெரியும். ரோடு திறந்த நேரத்துல வேலை பாக்க இருந்த காலமே கொஞ்சம்தான். 2013ல அமெரிக்க உதவி நிறுவனம், இனிமே நீங்களே போட்டுக்கோங்கன்னு ஆப்கான் மின்வாரியத்துக்கு 7.5 கோடி டாலர் ஒதுக்கிட்டு ஒதுங்கிக்கிச்சு.

2014 அக்டோபர்ல பிரிட்டிஷ் கொடி இறங்கிச்சு. 2016 அக்டோபர்ல ரெண்டாம் நம்பர் மெஷின் சுத்த ஆரம்பிச்சுது, மூணும் சேந்து 51 மெகாவாட் பக்கம். 2017 மார்ச்ல சங்கின் தாலிபான் கைக்குப் போச்சு. 2021 ஆகஸ்ட் 15ல தலைநகர் காபூலும் போச்சு. அமெரிக்காவுக்கு இருபது வருஷச் செலவு 2.3 லட்சம் கோடி டாலர்னு பிரவுன் பல்கலைக்கழகக் கணக்கு, செத்த அமெரிக்க வீரர்கள் 2,400க்கு மேல, ஆப்கான் படைல செத்தவங்க 66,000 பேர் பக்கம். இந்தக் கடைசி நம்பரை யாரும் பெருசா பேசறதில்லங்கறது எனக்கு ரொம்ப வருத்தம். ஆப்கான்காரன் சண்டை போடலைன்னு சொல்றவங்க அதை ஒரு தடவை படிக்கணும். ஆப்கான் விமானப்படையைக்கூட அமெரிக்க கான்ட்ராக்டர் மெக்கானிக் இருந்தாத்தான் பறக்கும்ங்கற மாதிரி வச்சிருந்தாங்க, மெக்கானிக் ஊருக்குப் போனதும் விமானம் தரைல நின்னுச்சு. இதுவும் டர்பைன் கதைதான், பொருள் இருந்துச்சு, அதை தினமும் ஓட வைக்கற கை வெளியூர்க்காரனோடது.

ஹெராத் பக்கம் நம்ம நாடு கட்டின சல்மா அணையும் 2016லதான் திறந்துச்சு, 42 மெகாவாட். சாமானெல்லாம் ஈரான் துறைமுகம் வழியா 1,500 கிலோமீட்டர் லாரில போச்சு, அதுவும் இழுத்துக்கிட்டே போய் பட்ஜெட் பல மடங்கு ஏறின வேலைதான், அங்கயும் ஆப்கான் காவலாளிங்க உயிரைக் குடுத்திருக்காங்க. ஆனா அந்த வேலைக்கு இந்தியா பட்டாளம் அனுப்பல, அவசரமும் காட்டல, உள்ளூர் ஆளுங்களோடவே கிடந்து முடிச்சாங்க.

கஜாக்கில எனக்கு மறக்க முடியாத ஆளுங்க பவர் ஹவுஸ் உள்ளூர் ஊழியருங்கதான். தலைமை இன்ஜினியரா இருந்த பெரியவர் முப்பது வருஷத்துக்கு மேல அதே இடத்துல வேலை பாத்தவர். சோவியத் காலம், முஜாகிதீன் காலம், தாலிபான் காலம், அமெரிக்கக் காலம், எல்லாத்துலயும் அவரும் அவர் ஆளுங்களும் ஸ்பேர் பார்ட் இல்லாம, கிடைச்ச இரும்பைக் கடைஞ்சு போட்டு 1975 மாடல் மெஷினை ஓட வச்சாங்க. மேட்டுல ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறும்போதும் கீழ அவங்க பேரிங் சூடு எவ்வளவுன்னு பாத்து லாக் புக்ல எழுதிக்கிட்டு இருந்திருப்பாங்க. 2022ல துருக்கிக் கம்பெனி ஒண்ணு அங்க இன்னும் 100 மெகாவாட் சேத்து முடிச்சுது, தாலிபான் ஆளுங்க திறந்து வச்சாங்க. 611 ரோட்டுல இப்ப சிமென்ட் லாரி போகுது.